மணி அடிக்காத மூன்று வெள்ளிக்கிழமைகள்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பேச வந்த ஒருவர், இந்த நாட்டில் டிஜிட்டல் பொருளாதாரம் என்பதே கைபேசி வந்த பிறகுதான் பிறந்தது என்றார். அதற்கு முன்னால் கிராமத்து ஜனங்கள் எல்லாரும் இருட்டில் கிடந்தார்களாம். திரையில் படம் போட்டுக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் நானும் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். கடைசியில், "மனுஷன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று ஒரு போடு போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. செயலாளர் ஓடி வந்து தோளை அமுக்கி, "சூசையண்ணே, ஒக்காருங்க. இம்புட்டுக் கோவத்தையும் தாள்ல எழுதிக் குடுங்க, நம்ம மலர்ல போட்டுருவோம்" என்றார்.

எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. அங்கங்கே தட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டெலிபோன் துறையில் குழி தோண்டும் மஸ்தூராகச் சேர்ந்தேன். சில வருடம் மண்வெட்டி, சில வருடம் ஏணி, அப்புறம் கேபிள் ஜாயின்டர். பூமிக்கு அடியில் போகிற கேபிளைப் பிரித்தால் உள்ளே தலைமுடி மாதிரி செப்புக் கம்பிகள் இருக்கும். நிறம் பார்த்து, இரண்டிரண்டாக முறுக்கி, ஈரம் புகாமல் மூட வேண்டும். ஒரு போனுக்கு ஒரு ஜோடிக் கம்பி. எக்ஸ்சேஞ்சில் அந்த ஜோடி எந்த நம்பரோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அந்த நம்பர்தான் கம்பியின் மறு நுனியில் இருக்கிற வீட்டில் பேசும். என் தொழிலில் இதைத் தவிர ரகசியம் ஒன்றும் கிடையாது.

தொண்ணூறுகளில் காரைக்குடிக்குத் தெற்கே ஒரு ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். போனுக்கு மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மனுவின் மேல் 'ஜோடி இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அதே ஊரில், தெருவுக்குத் தெரு வளவும் மாடியுமாகப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்காரர்கள் சென்னையில், மலேசியாவில். கல்யாணம் காட்சி என்றால் வருவார்கள், பத்து நாள் இருப்பார்கள், பூட்டிக்கொண்டு போவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டுப் போன் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். வாடகை ஒழுங்காக வந்துவிடும். ஊருக்குப் போனால் போனைத் துறையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று ஒரு விதி இருந்தது, ஆனால் நம்பர் கைமாறிவிடுமோ என்ற பயத்தில் ஒருவரும் ஒப்படைப்பதில்லை.

இப்படிக் கிடக்கிற கம்பியைத் 'தூங்குற ஜோடி' என்போம். எங்கேயாவது ஆஸ்பத்திரி லைன், பஸ் ஸ்டாண்ட் லைன் கெட்டுப்போய், தோண்டிப் பார்க்கவும் வழியில்லை என்றால், ஜாயின்டர் ஒரு தூங்குற ஜோடியை எடுத்து அங்கே கொடுத்துவிடுவான். வீட்டுக்காரர் வருகிற செய்தி தெரிந்தால் முதல் நாளே திருப்பிக் கட்டிவிடுவான். எந்த வீட்டில் எந்த மாதம் கல்யாணம் என்று எங்களுக்கு அத்துபடி. எதுவும் ரிஜிஸ்டரில் ஏறாது. எங்கள் பாக்கெட் நோட்டில் மட்டும் இருக்கும். இதற்காக நான் ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. அந்த மாதாவுக்குத் தெரியும்.

அப்படித்தான் பஞ்சவர்ணத்துக்கும் கொடுத்தேன்.

பஞ்சவர்ணத்துக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போய்விட்டது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. பிளஸ் டூ பாஸ். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் அனுமதி வாங்கி, நகையை வைத்துக் கண்ணாடிக் கூண்டும் மீட்டர் மிஷினும் போட்டு, கடைத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கென்று ஒதுக்கிய ஜோடியில் ஒரே மழையில் தண்ணீர் புகுந்துவிட்டது. சாலையைத் தோண்ட அனுமதி கேட்டு எழுதினோம், நெடுஞ்சாலைத் துறையிலிருந்து பதில் இல்லை. வந்து நின்று கேட்டாள்: "அண்ணே, பூத்துன்னு போர்டு மட்டும் போட்டு வச்சிருக்கேன். இதுல வடைதான் சுட்டு விக்கணும் போல. எண்ணெய்ச் சட்டி வாங்கியாரவா?" அன்றைக்கே, எதிர்த் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டு ஜோடியை இழுத்து அவள் பூத்தில் கட்டினேன். எக்ஸ்சேஞ்சிலும் அந்த ஜோடியை அவள் நம்பரோடு சேர்த்துவிட்டேன். ரிஜிஸ்டரில் மட்டும் அவள் பெயருக்கு நேராக அந்தத் தண்ணீர் புகுந்த ஜோடியே இருந்தது.

அந்தப் பூத்தை நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்த்திருக்க வேண்டும். வளைகுடாவில் வெள்ளிதான் விடுமுறை. சுற்றுப்பட்டுப் பெண்கள், ஒக்கூர்ப் பக்கத்திலிருந்துகூட, பஸ் ஏறி வருவார்கள். நல்ல சேலை, தலை நிறையப் பூ. போனில் முகம் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆனாலும் அப்படித்தான் வருவார்கள். அங்கே அவர்கள் வீட்டு ஆம்பிளைகள் வரிசையில் நின்று பொதுப் போனில் காசு போட்டு இந்த நம்பரைக் கூப்பிடுவார்கள். பஞ்சவர்ணம் எடுத்து, "ராக்கு, ஒன் வீட்டுக்காரரு! ஓடியா, ஓடியா" என்று கத்துவாள். பணம் அனுப்பியது, வீட்டுக்குக் கான்கிரீட் போடுவது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகும். பேக்ஸ் மிஷின் வந்த பிறகு விசா நகல்கூட அங்கேதான் வந்து இறங்கும். இது பொருளாதாரம் இல்லையென்றால் வேறு எது பொருளாதாரம் என்று அந்தப் பேச்சாளரைக் கேட்க வேண்டும்.

பிறகுதான் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. அதோடு எங்களுக்கு அதிகாரியாகச் சிவராமன் சாரும் வந்தார்.

சிவராமன் சார் சத்தம் போட மாட்டார். யாரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். ஸ்கேல் கடைசி வரியைத் தாண்டும்வரை எதிரில் இருக்கிறவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். புது மிஷின் அறைக்குள் போனால் செருப்பைக் கழற்ற வேண்டும், தூசி ஆகாது என்பார்கள். அது நியாயம்தான். ஆனால் கதவைத் திறக்கிற சாவி அவர் இடுப்பில். பழைய ஆட்கள் யாரும் இனி கையால் கம்பி மாற்றக் கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்த உத்தரவு வந்தால்தான் மாற்ற வேண்டும். "இனிமே ஞாபகத்துல வேலை கிடையாதுங்க சூசை. எல்லாம் ரெக்கார்டு" என்றார்.

லைன்களைப் புது மிஷினுக்கு மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் எல்லாருக்கும் தாள் கொடுத்தார். ரிஜிஸ்டரில் இருக்கிறபடி ஒவ்வொரு ஜோடியும் உண்மையில் இருக்கிறதா என்று தெருத் தெருவாகப் போய்ச் சோதித்து, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தத் தாள்களைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள்.

இந்த இடத்தில் என்மேல் எனக்கே வருகிற கோபத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாங்கள் யாரும் தெருவுக்குப் போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தூங்குற ஜோடிகளை எழுதினால், யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று கேள்வி வரும். மாற்றுகிற நாளுக்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கட்டிவிடலாம் என்று ஆளாளுக்கு ஒரு எண்ணம். நான் நாலைத் திருப்பினேன். பஞ்சவர்ணத்தினுடையதைத் திருப்ப வழியில்லை, அவளுக்கென்று இருந்த ஜோடி தண்ணீரில் கிடந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயந்திரம் வழக்கம்போல ஜெபமாலையும் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, சிவராமன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கையைக் கீழே இறக்க, பழைய எக்ஸ்சேஞ்சின் கேபிளை இரண்டு பேர் வெட்டினோம். அந்த நிமிடமே புதுசு உயிர் பெற்றது. லட்டு கொடுத்தார்கள்.

மறுநாள் வெள்ளி. பூத்தில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மணி அடிக்கவே இல்லை. மிஷின் புதுசு, பழக நாளாகும் என்று சொல்லிக்கொண்டே கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். வெளியூருக்குப் போட்டாலும் லைன் போகவில்லை. திங்கட்கிழமை மணி அடித்தது. பஞ்சவர்ணம் எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு வயதானவர் குரல், சென்னையிலிருந்து.

"யாரு பேசறது?"

"பூத்துங்க. ஒங்களுக்கு யாரு வேணும்?"

"பூத்தா? ஏத்தா, நான் என் வீட்டுக்குப் போட்டிருக்கேன். புது எக்ஸ்சேஞ்சு வந்திருச்சாமே, மணி அடிக்குதான்னு பாக்கலாம்னு போட்டேன். பூட்டுன வீட்டுக்குள்ள நீ எப்படிப் போன?"

"நான் எந்த வீட்டுக்குள்ளயும் போகலைங்க. எனக்கு நடக்கவே வராது."

"நடக்க வராதவ எப்படி எங்க முகப்பத் தாண்டுன? இரு, போலீசுக்குச் சொல்றேன்!"

இதை அவள் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் தாளில் உள்ளபடி செய்திருந்தது. பெரிய வீட்டு நம்பரைப் பெரிய வீட்டு ஜோடியில் கட்டியது, அந்த ஜோடியோ அவள் பூத்தில் இருந்தது. அவளுடைய நம்பரைத் தண்ணீர் புகுந்த செத்த ஜோடியில் கட்டியது. வளைகுடாவிலிருந்து கூப்பிடுகிறவன் காதில் ரிங் போகும். இங்கே எங்கேயும் அடிக்காது. பெரிய வீட்டு நம்பருக்கு எஸ்.டி.டி. பூட்டியிருந்ததால் பூத்திலிருந்து வெளியூர் பேசவும் முடியாது. இந்தப் பெரிய வீட்டு நம்பருக்குப் போடு என்று அந்த ஆம்பிளைகளிடம் சொல்லலாம் என்றால், அவர்கள் தங்கியிருக்கிற கொட்டகையில் போன் கிடையாது. கடிதம்தான். போய்ச் சேர வாரக்கணக்காகும்.

மிஷின் அறைக்குள் போய் இரண்டு கம்பியை மாற்றினால் நாலு நிமிடத்தில் முடிகிற வேலை. சாவி சிவராமன் சாரிடம்.

"சார், பூத்து லைன்ல ஜோடி மாறியிருக்குமோன்னு..." என்று இழுத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவள் நம்பரை அழுத்தினார். ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை. "பாருங்க, லைன் ஓகே. அந்தம்மா கடையில இல்லை போலிருக்கு" என்றார். பிறகு என் தாளை எடுத்து, ஸ்கேலை அவள் நம்பருக்குக் கீழே வைத்தார். "இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமா சார்."

"சோதிச்சுப் பார்த்துத்தான் போட்டீங்க?"

"ஆமா சார்" என்றேன். சொன்னவன் நான்தான்.

இரண்டாவது வெள்ளி ராக்கு மூன்று வயதுப் பிள்ளையோடு வந்து இருட்டுகிறவரை இருந்தாள். அவள் புருஷன் கருப்பையாவிடமிருந்து தந்தி வந்திருந்தது. ஏன் யாரும் எடுப்பதில்லை, அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டிருந்தான். அதை எல்லாரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பதில் தந்திக்குக் காசு ஏது, ராக்கு கடிதம்தான் போட்டாள். மூன்றாவது வெள்ளி பாதிப் பேர் வரவில்லை. பஞ்சவர்ணத்துக்கு மட்டும் ஒரு அச்சடித்த கடிதம் வந்தது. புதுக் கம்ப்யூட்டர் அவளுக்கு அனுப்பிய முதல் கடிதம். அவள் நம்பரில் அழைப்பே நடக்கவில்லையாம், பூத்தை நடத்தாமல் போட்டு வைத்திருப்பதாகத் தெரிகிறதாம், அனுமதியை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தது.

"அண்ணே, நான் நெதம் காலையில எட்டு மணிக்கு வந்து தொறக்குறேன். இந்தத் தாளு நான் வரவே இல்லங்குது" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. "கடனுக்கு வச்ச நகை எங்கம்மாவோடது. அனுமதி போச்சுன்னா அது அம்புட்டுத்தேன். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மறுநாள் சனிக்கிழமை, மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஆண்டவரு ஒன்ன மன்னிப்பாரு சூசை. ஆனா அந்தப் புள்ளைக்குப் போன் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லப்பா. அதுக்கு ஒங்க ஆபீஸ்லதான் மண்டி போடணும்" என்றார் சாமியார்.

திங்கட்கிழமை எழுதிக் கொண்டுபோனேன். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன், ஜோடியை நான்தான் மாற்றிக் கொடுத்தேன், தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன், லைனை மட்டும் சரிசெய்யுங்கள். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசி வரி தாண்டியதும் தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார்.

"புதன்கிழமை திறப்பு விழா. மேலதிகாரி வர்றார். நூறு சதவீதம் பழுது இல்லாம மாத்தியாச்சுன்னு ரிப்போர்ட் போயாச்சுங்க. இதை நான் வாங்கினா, நீங்க எழுதின ஒவ்வொரு லைனையும் மறுபடி பார்க்கணும். மத்தவங்க எழுதினதையும் பார்க்கணும். இல்லாத பழுதை ஏன் உண்டாக்குறீங்க? விழா முடியட்டும், யோசிப்போம்."

அந்த மெல்லிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

நேராகப் பூத்துக்குப் போனேன். பஞ்சவர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு யாருடையது என்பதையும் சேர்த்துத்தான். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "மூணு வாரமா தெரிஞ்சேதான் வந்து வந்து பேசிட்டுப் போனீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வண்டியை என் பக்கம் திருப்பினாள். "சரி, புதங்கெழம எத்தன மணிக்கு விழா?"

புதன்கிழமை வாழைமரம் கட்டி, ஷாமியானா போட்டு, நடுவில் மேசை மேல் ஸ்பீக்கர் வைத்த ஒரு புதுப் போன். மேலதிகாரி ரிப்பன் வெட்டி முடித்தபோது மூன்று சக்கர வண்டி உள்ளே வந்தது. பின்னால் ராக்குவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும். வெள்ளிக்கிழமைச் சேலையிலேயே வந்திருந்தார்கள்.

"ஐயா, கும்புடுறேன். ஒங்க கையாலயே என் பூத்து நம்பரை ஒருக்கா அமுக்குங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் சிரித்துக்கொண்டே அமுக்கினார். ஸ்பீக்கரில் ரிங் கேட்டது. "போகுதே அம்மா."

"போகுதுல்ல? பூத்துல என் தங்கச்சி போனைக் கையில புடிச்சிட்டு ஒக்காந்திருக்கா. அவ எடுத்துட்டா நான் இப்படியே வண்டியத் திருப்பிக்கிறேன். எம்புட்டு நேரம் வேணாலும் அடிக்கட்டும்."

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து ஒரு பெண், "யாரு வீட்டுலப்பா அடிக்குது? போயி எடுங்களேன், பாவம்!" என்றாள். இன்னொருத்தி, "மூணு வாரமா எம்புருசன் இதத்தாண்டி கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு" என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். சிவராமன் சார், "சந்தாதாரர் கருவியில பழுது சார். லைன்ல குறை இல்லை" என்றார், அதே மெல்லிய குரலில்.

"இல்லைங்க சார்" என்றேன். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேலதிகாரி கையிலேயே கொடுத்தேன். "கருவி நல்லாருக்கு. நாங்க எழுதிக் குடுத்ததுதான் பொய். மிஷின் அதை நம்பிருச்சு."

மேலதிகாரி படித்துவிட்டு அப்போதே மாற்றச் சொன்னார். நாலு நிமிடம். நான் கணக்குப் பார்த்தேன். சாவி திறந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு கம்பி. எனக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், அதில் எனக்குக் குறை இல்லை, வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன். பஞ்சவர்ணத்தின் நோட்டீசை ரத்து செய்தார்கள். ஆனால் புகார்ப் புத்தகத்தில் அந்தப் பழுதை 'சந்தாதாரர் கருவிக் கோளாறு, சரிசெய்யப்பட்டது' என்றே எழுதி முடித்தார்கள். ரிப்போர்ட்டில் நூறு சதவீதம் அப்படியே நின்றது. சிவராமன் சாருக்கு அந்த வருடமே பதவி உயர்வு. இதே மாதிரி டீக்கடைத் தாள்களை வைத்து எத்தனை ஊரில் எத்தனை பேருக்கு மணி அடிக்காமல் கிடந்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பூத்துக்குப் போய் ஓரமாக நின்றேன். ஒரு மணிக்குப் பிறகு அடித்தது. பஞ்சவர்ணம் எடுக்கவில்லை. ரிசீவரைக் காட்டி, "நீங்களே எடுங்கண்ணே" என்றாள்.

எடுத்தேன். கருப்பையா. ஆம்பிளைக் குரல் கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டான். "எவன்டா அது? எங்கடா போயித் தொலைஞ்சீக அம்புட்டுப் பேரும்? மூணு வாரமா பைத்தியக்காரன் மாதிரி வரிசையில நின்னு நின்னு... எங்காத்தா செத்துப்போச்சுன்னு நெனச்சு சோறு எறங்கலடா எனக்கு. மனுசனாடா நீங்கள்லாம்?" நான் குறுக்கே பேசவில்லை. தம்பி, தப்பு என்மேல்தான் என்று சொல்ல அவன் மூச்சு விடுகிற இடத்துக்குக் காத்திருந்தேன். ராக்கு பக்கத்தில் வந்து, "குடுங்கண்ணே, குடுங்கண்ணே" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் திட்டிக்கொண்டே இருந்தான். பிறகு டொக் என்று ஒரு சத்தம். அவன் போட்ட காசு தீர்ந்துவிட்டது.

ராக்கு ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள். வெறும் இரைச்சல். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு, "பரவால்லண்ணே. சத்தம் இங்குட்டு வரைக்கும் கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.

கருப்பையா திட்டியதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். இவள் சொன்ன அந்தப் 'பரவால்ல'தான் இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை.